கேசரியின் கத்தலும் ஒரு பிடி சூரியகாந்தி விதையும்

எங்கள் வீட்டுக் கிளிக்குக் கேசரி என்று பெயர் வைத்தவள் மகள். வந்த அன்று அது கேசரி நிறத்தில் இல்லை. அது சன் கொனூர் என்ற இனம். அந்த இனக் குஞ்சுக்கு இறக்கையிலும் முதுகிலும் பச்சைதான் தூக்கலாக இருக்கும். மஞ்சளும் ஆரஞ்சும் முழுசாக ஏற ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும். "கலர் பவுடர் கம்மியா போட்ட கேசரிப்பா" என்று அவளே சமாதானமும் சொல்லிவிட்டாள்.

வீட்டில் கிளி வளர்க்கலாமா என்று பலரும் கேட்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மூர் பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. சன் கொனூர் வெளிநாட்டு இனம். சொந்த ஊர் தென் அமெரிக்காவின் வடக்கே கயானா, அதை ஒட்டிய பிரேசில் பகுதி. இங்கே விற்பவை கூண்டில் பிறந்தவை. ஆனாலும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கும் பறவை என்பதால் வனத்துறைக்குத் தெரிவித்து, பரிவேஷ் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்ற கடைக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானாகத் தேடிப் படித்துத்தான் பதிந்தேன்.

கேசரி வந்தது ஆடி மாதம். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் சீசன். காலை ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். அதனால் முதல் பத்து நாள் இந்தக் கிளியின் குரல் அடுக்குமாடியில் யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை. திருவிழா முடிந்து ஒலிபெருக்கியைக் கழற்றிய மறுநாள் கீழ் வீட்டு சார் மாடி ஏறி வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். "தம்பி, உங்க வீட்ல ஏதோ மிஷின் ரிப்பேரா?" என்றார்.

உள்ளே இருந்து மிஷின் பதில் சொன்னது.

குஞ்சு பசியில் கத்தியது

கடையில் சொன்னது இதுதான்: "ரெண்டரை மாசம் சார், தானா தின்னும், ஒரு தொல்லையும் இல்ல." கூடவே ஒரு கிலோ தீனி கட்டிக் கொடுத்தார்கள். முக்கால்வாசி சூரியகாந்தி விதை, மீதி கம்பும் தினையும். கிண்ணத்தை நிரப்பி வைத்தேன். கேசரி நாள் முழுக்க அதில் தலையை விட்டுக் குடைந்தது. மாலையில் பார்த்தால் கிண்ணம் கிட்டத்தட்ட அப்படியே நிறைந்திருக்கும். கூண்டு நிறைய உமி. நன்றாகத்தான் தின்கிறது என்று நினைத்தேன்.

ஆனால் கத்தல் வித்தியாசமாக இருந்தது. யாராவது பக்கத்தில் போனால் உடம்பைத் தாழ்த்தி, இறக்கையை நடுக்கி, தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே விடாமல் "கெ கெ கெ கெ" என்று ஒரே தாளத்தில் கத்தும். மகள் அதை நடனம் என்று வீடியோ எடுத்தாள். ஒன்பதாவது நாள் அந்த வீடியோவைப் பறவை பார்க்கும் டாக்டரிடம் காட்டினேன். அவர் முழுசாகக் கூடப் பார்க்கவில்லை. கேசரியை ஒரு துணியில் பிடித்து, நெஞ்சைத் தடவி, என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. தராசில் 88 கிராம்.

"இது டான்ஸ் இல்ல சார், பசி. அம்மாகிட்ட ஊட்டச் சொல்லிக் கேக்குது. இன்னும் பால்குடி மறக்காத குழந்தைக்கு முறுக்கு குடுத்திருக்கீங்க."

விதையை உடைத்து விளையாடத் தெரிகிறது, விழுங்கத் தெரியவில்லை. உமிக்கு நடுவே உடைத்துப் போட்ட பருப்பும் கிடந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. ஊட்டலைச் சீக்கிரமாக நிறுத்தினால் விற்பவருக்கு வேலை மிச்சம். மீதி வேலை வாங்குகிறவன் தலையில்.

மறுபடி ஊட்டத் தொடங்கினோம். காலை ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை, குஞ்சுகளுக்கான ஃபார்முலா மாவு. சிரிஞ்ச் பழக்கமில்லாதவர் கையில் ஆபத்து, தவறினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டர் ஸ்பூனைத்தான் சொன்னார். ஒரு பழைய எவர்சில்வர் டீ ஸ்பூனை எடுத்து, இரண்டு ஓரத்தையும் குறடால் உள்பக்கமாக மடக்கினேன். வாய்க்கால் மாதிரி ஆனது. அதில் கொஞ்சம் மாவை எடுத்து அலகின் பக்கம் நீட்டினால் கேசரி ஸ்பூனைக் கவ்விப் பம்பு அடிப்பது போல இழுத்துக் குடிக்கும். சூடுதான் முக்கியம். 39 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆறினால் துப்பிவிடும், அதிகமானால் தொண்டைக்குக் கீழே இருக்கும் தீனிப்பை உள்ளேயே வெந்துபோகும். மைக்ரோவேவ் வேண்டாம், மேலே ஆறியிருக்கும், நடுவில் கொதிக்கும். வெந்நீரில் கரைத்து, தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் கொடுத்தேன். முதல் நாள் என் சட்டை, அம்மாவின் புடவை, ஹால் சுவர் எல்லாவற்றிலும் மாவு.

மூன்று நாளில் கத்தல் பாதியாகக் குறைந்தது. இருபதாவது நாள் வாக்கில் கேசரியே ஸ்பூனைத் தலையால் தள்ளிவிட்டது. முதலில் காலை வேளை, அப்புறம் ராத்திரி. அன்று எடை 104 கிராம். வளர்ந்த சன் கொனூர் சுமார் 100 முதல் 120 கிராம் வரை இருக்கும்.

இளம் கிளி ஓயாமல் கத்துகிறது என்றால், எதையும் பழக்கத் தொடங்கும் முன் தராசை வாங்குங்கள். சமையலறையில் மாவு அளக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், கிராம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதன்மேல் ஒரு குச்சியைப் பொருத்திக்கொண்டால் பறவை தானாக ஏறி உட்காரும். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனிக்கு முன்னால் அளப்பது நல்லது. தினமும் ஒரே நேரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

நோட்டுப் புத்தகத்தின் மூன்றாவது பத்தி

பசி தீர்ந்த பிறகும் மிச்சம் இருந்த கத்தல் வேறு ரகம். அதற்கு ஒரு நோட்டுப் போட்டேன். மூன்று பத்தி: எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதற்குப் பின்னால் என்ன நடந்தது.

ஒரு வாரத்தில் முதல் இரண்டு பத்தியும் தெளிவாகிவிட்டது. கத்தல் மூன்று ரகம். விடியும்போதும் பொழுது சாயும்போதும் பத்துப் பதினைந்து நிமிடம் கத்துகிறது. அது கூட்டத்தைக் கூப்பிடும் கத்தல். சாயங்காலம் மரத்தில் அடையும் மைனாக்களைக் கேட்டிருப்பீர்கள், அதே சங்கதி. அதை நிறுத்த முடியாது, நிறுத்த முயலவும் கூடாது. இரண்டாவது, நான் அறையை விட்டுப் போனதும் வரும் கத்தல்: "எங்கே இருக்கிறாய்?" மூன்றாவது, நான் கண்ணெதிரே லேப்டாப்பில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அதிலும் அலுவலக அழைப்பில் பேசும்போது, என்னைப் பார்த்துக்கொண்டே வரும் கத்தல். காதுக்குள் ஊசி விட்டது போல இருக்கும்.

மூன்றாவது பத்திதான் மானத்தை வாங்கியது. அப்படியே சில வரிகள்:

"11.10 — எழுந்து போய்ச் சும்மா இரு என்றேன்."
"11.25 — அம்மா மாரி பிஸ்கெட் கொடுத்தாள்."
"12.40 — மகள் ஷ்ஷ்ஷ் என்று திருப்பிக் கத்தினாள். கிளிக்கு ஒரே குஷி."
"3.05 — கூண்டை போர்வையால் மூடினேன். 3.09 — பாவமாக இருந்தது, எடுத்தேன்."
"4.30 — அம்மா, சூரியகாந்தி விதை, ஒரு பிடி."

அந்த வாரம் மொத்தம் 41 கத்தல். அதில் 36 முறை யாராவது ஓடிப் போயிருக்கிறோம். அமைதியாக உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்த நேரத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. "சத்தம் போடாம இருக்குல்ல, கிட்ட போகாதே" என்பதுதான் வீட்டுச் சட்டம். அதாவது, கத்தினால் ஆள் வரும், விதை வரும். சும்மா இருந்தால் ஒன்றும் வராது. கேசரிக்கு இதை நாங்கள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதுவும் தினம் ஆறு வகுப்பு.

நான் திட்டினால் அதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டமாக வாழும் பறவைக்கு, கூட இருக்கிறவன் முகத்துக்கு நேரே நின்று உரக்கக் குரல் கொடுப்பது கச்சேரி மாதிரி.

விதையைக் கிண்ணத்தில் இருந்து எடுத்தோம்

இதற்கிடையில் டாக்டர் தீனியை மாற்றச் சொல்லியிருந்தார். சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம்; கால்சியமும் குறைவு. கூண்டில் இருக்கும் கிளிக்கு இதுவே சாப்பாடு என்றால் கல்லீரலில் கொழுப்பு படியும். வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கும் தொண்டையும் கெட்டு அடிக்கடி சளி பிடிக்கும். பாதிக்கு மேல் பெல்லட் (சத்துகளைக் கலந்து சின்ன உருண்டையாக்கிய தயார்த் தீனி), மீதியில் பெரும்பகுதி காயும் கீரையும், பழம் கொஞ்சம், விதை கொசுறு. இதுதான் அவர் கொடுத்த கணக்கு.

விதையும் கத்தலும் தனித்தனிப் பிரச்சினை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நோட்டில் அந்த 4.30 வரியைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. இந்த வீட்டில் கேசரிக்கு மதிப்புள்ள நாணயம் ஒன்றே ஒன்றுதான், சூரியகாந்தி விதை. அதைக் கிண்ணத்தில் கொட்டி வைத்தால் மதிப்புப் போய்விடும். கத்தலுக்குக் கொடுத்தால் கத்தலை வாங்குகிறோம். கிண்ணத்தில் இருந்து எடுத்துவிட்டு, அமைதிக்கு மட்டும் ஒவ்வொன்றாகக் கொடுத்தால்?

காலையில் இருபது விதை எண்ணி, மூக்குப்பொடி டப்பா அளவில் இருந்த ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தேன். அன்றைய சம்பளம் அவ்வளவுதான். கிளி அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து எழுந்து போய், ஒன்றே ஒன்று கொடுத்துவிட்டு வர வேண்டும். முதலில் கத்தல் நின்று ஐந்து விநாடி ஆனாலே கொடுத்தேன். அப்புறம் பத்து, முப்பது, இரண்டு நிமிடம், பத்து நிமிடம். கத்தும்போது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. சொல்லச் சுலபம்.

அதோடு, கத்தலுக்குப் பதிலாக வேறொரு சத்தத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வெறுமனே கத்தாதே என்றால், அறையை விட்டுப் போனவனைப் பறவை எப்படித்தான் கூப்பிடும்? நான் சீட்டியடித்துப் பழக்க நினைத்தேன். கேசரி எடுத்துக்கொண்டது அம்மாவை. அம்மா சாப்பாட்டை ருசி பார்த்துவிட்டு நாக்கை மேலண்ணத்தில் தட்டி "ட்ளக்" என்று ஒரு சத்தம் விடுவாள். ஒரு நாள் மதியம் கூண்டுக்குள் இருந்து அதே சத்தம். நான் நாற்காலியை உதைத்துக்கொண்டு ஓடி மூன்று விதை கொடுத்தேன். அன்றிலிருந்து அதுதான் எங்கள் குலச் சத்தம். அறையை விட்டுப் போகும் யாராக இருந்தாலும் போகிற வழியில் "ட்ளக்" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். கேசரி "ட்ளக்" என்றால் எந்த மூலையில் இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும். குளியலறையில் இருந்துகூட.

38 நிமிடம்

வழக்கமாகக் கிடைத்தது திடீரென்று நின்றால் கத்தல் குறையும் முன் ஒரு முறை உச்சத்துக்குப் போகும் என்று படித்திருந்தேன். லிஃப்ட் வரவில்லை என்றால் பட்டனை ஓங்கி ஓங்கிக் குத்துகிறோமே, அதுபோல. அதனால் தொடங்கும் முன்பே கீழ் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு டப்பா ரவா கேசரி.

"மூணு வாரம் சார். முதல் வாரம் ரொம்ப மோசமா இருக்கும். அப்புறம் குறையும்."

"குறையலைன்னா?"

"இன்னொரு டப்பா கொண்டு வரேன் சார்."

சிரித்தார். இந்தப் பேச்சு இல்லாமல் இருந்திருந்தால் ஐந்தாவது நாளே எங்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். அன்று காலை 11.02க்குத் தொடங்கியது. நான் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி காதில் பஞ்சு. 11.20க்கு நிறுத்துவது போல் பாவனை செய்து, என்னை ஓரக்கண்ணால் பார்த்து, மறுபடி தொடங்கியது. 11.40க்கு அடுக்களையில் இருந்து அம்மா புடவைத் தலைப்பைக் காதில் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். நான் எழுவதற்குள் மாரி பிஸ்கெட் கூண்டுக்குள்.

அமைதி.

"பாத்தியா, ஒரு பிஸ்கெட்டுல முடிஞ்சுது. இதுக்குப் போய் நோட்டு போட்டு எழுதறான்" என்றாள்.

38 நிமிடம் கத்தினால் பிஸ்கெட் வரும் என்று கேசரி அன்று கற்றுக்கொண்டது. எப்போதும் கிடைப்பதை விட, எப்போதாவது கிடைப்பதுதான் பழக்கத்தை இறுக்கும். சீட்டாட்டத்தில் உட்கார்ந்தவன் எழுந்து வராததும் இதனால்தான். அடுத்த நான்கு நாள் நரகம். அம்மாவோடு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

வழக்கம்போல மனைவிதான் வழி சொன்னாள். "விதை டப்பாவை அத்தைகிட்ட குடுத்துடுங்க."

கொடுத்தேன். சொல்லப்போனால் இந்த நான்கு மாதத்தில் நாங்கள் எடுத்த உருப்படியான முடிவு அதுதான். அம்மாவுக்குக் கிளிக்கு எதையாவது ஊட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. எப்போது என்பதை மட்டும் மாற்றினோம். "கத்தும்போது கொடுத்தா நீ அதுக்கு வேலைக்காரி. சும்மா இருக்கும்போது கொடுத்தா நீ மகாராணி" என்றாள் மகள். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. என்னை விட அவளுக்குப் பொறுமை அதிகம். நாள் முழுக்க வீட்டில் இருப்பவளும் அவள்தான். கீரை ஆய்ந்துகொண்டே கூண்டைப் பார்த்தபடி இருப்பாள், சரியான நொடியில் ஒரு விதை. மூன்றாவது வாரக் கடைசியில் பகல் கத்தல் நாளைக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது. அவையும் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை.

தூக்கமும் ஒரு காரணம். கூண்டு ஹாலில் இருந்தது, சீரியல் முடிய ராத்திரி பத்தரை. இந்த இனத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். இப்போது மாலை ஏழரைக்குச் சின்ன அறையில் இருக்கும் தூங்கும் கூண்டுக்குப் போய்விடுகிறது. அதற்கு முன் தூக்கம் கெட்ட குழந்தை மாதிரி மதியமெல்லாம் சிணுங்கிக்கொண்டிருந்தது.

காய் தின்ன வைத்த கதை

இது கத்தலை விட நீண்ட வேலை, ஏழு வாரம்.

முதலில் செய்த தப்பு: ஒரே நாளில் விதையை நிறுத்திப் பெல்லட் வைத்தேன். பசித்தால் தின்னும் என்று பலர் சொல்கிறார்கள். தின்னாது. அது உணவு என்றே அதற்குத் தெரியாது. கல்லைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்கும். இரண்டு நாளில் 106 கிராம் 99 ஆனது. எச்சம் சிறுத்து, கரும்பச்சையாக, கொழகொழவென்று மாறியது. உடனே விதையைத் திரும்ப வைத்தேன். பத்து சதவீதம் குறைந்தால் யோசிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். பறவை நோயை வெளியே காட்டாது, காட்டும்போது நேரம் கடந்திருக்கும்.

அப்புறம் நிதானமாகத் தொடங்கினோம். காலை எழுந்ததும் பசி அதிகம் இருக்கும் நேரத்தில் காய்க் கலவை மட்டும், இரண்டு மணி நேரம். பிறகு அளந்த தீனி. சென்னை வெயிலில் நறுக்கிய காயும் முளைகட்டிய பயறும் அதற்கு மேல் தாங்காது, எடுத்துவிட வேண்டும். தீனியில் விதையை வாரா வாரம் குறைத்து, அந்த இடத்தில் பெல்லட்டைக் கூட்டினோம்.

கேரட்டைத் துருவி வைத்தேன், மிதித்தது. வேகவைத்து வைத்தேன், அலகைத் துடைத்துக்கொண்டது. பப்பாளியைச் சுவரில் வீசியது. கறை இன்னும் இருக்கிறது. ஒரு வாரம் இப்படியே போனது. ஒரு காலையில் நான் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டு கூண்டுப் பக்கத்தில் தின்றுகொண்டிருந்தேன். கேசரிக்குக் கொடுக்கவே இல்லை. கம்பியில் முகத்தை ஒட்டிப் பார்த்தது. "ட்ளக்" என்றது. ஒரு துண்டை என் உதட்டருகே வைத்துக் கொஞ்சம் தின்றுவிட்டு நீட்டினேன். வாங்கிக் காலில் பிடித்துக்கொண்டு, நாக்கால் தொட்டுத் தொட்டு, முழுதும் தின்றது. கூட்டத்தில் மற்றவர்கள் தின்பதுதான் உணவு. கிண்ணத்தில் தனியாகக் கிடப்பது குப்பை. இது புரிந்ததும் காலைப் பலகாரமே கூண்டுப் பக்கம் மாறிவிட்டது. (நாம் வாய் வைத்ததைக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் பிறகு கண்டித்தார், நம் எச்சிலில் இருக்கும் கிருமி பறவைக்கு ஆகாதாம். இப்போது கடிப்பது போல நடிப்பதோடு சரி.)

கிழங்குக்குப் பிறகு மக்காச்சோளம், பிறகு பச்சை மிளகாய். மிளகாயைக் கண்டதும் அம்மா பதறினாள். காரத்தை உணர்த்தும் கேப்சைசின் பறவைகளின் நரம்பை உறுத்துவதில்லை, நம்மைப் போன்ற பாலூட்டிகளைத்தான் உறுத்தும். கேசரி விதையை முதலில் தின்றுவிட்டுத் தோலை வீசும். யோசித்துப் பார்த்தால் சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம், மிளகாய் எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் இருந்து வந்தவை. சொந்த ஊர்க்காரர்களோடு ஒட்டிக்கொண்டது போல.

நம் பக்கத்துச் சரக்கில் முருங்கைக்கீரைதான் வென்றது. கிண்ணத்தில் உருவிப் போட்டால் தொடாது. முழுக் கொத்தாகத் தண்ணீரில் நனைத்துக் கூண்டின் கூரையில் தலைகீழாகக் கட்டினால், முதலில் அதில் உரசிக் குளிக்கும், அப்புறம் குளித்த தண்ணீரோடு இலையையும் தின்னும். கால்சியமும் வைட்டமின் ஏவும் ஒரே கொத்தில். பாலக்கை அதிகம் கொடுப்பதில்லை, அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப் போட்டுவிடும். கணவாய் ஓடும் ஒன்று கட்டி வைத்திருக்கிறோம். வளர்ப்புப் பிராணிக் கடையில் விலை கூடுதல். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் அதே பொருள்.

பெல்லட்தான் கடைசி வரை முரண்டு பிடித்தது. கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியதைக் கூண்டுக்கு வெளியே ஒவ்வொன்றாக எறிவதைப் பார்க்கும்போது வயிறு எரியும். மிக்ஸியில் பொடித்து, ஈரக் கிழங்கின் மேல் தூவினேன். ருசி பழகியதும் பொடியைக் கரகரப்பாக்கி, அப்புறம் முழுசாக வைத்தேன். ஆறாவது வாரம் தானாக ஒன்றை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கித் தின்றது. அம்மா டீயில் பிஸ்கெட் நனைப்பதைப் பார்த்துக் கற்றதா, தெரியாது. அம்மா அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள்.

"எங்க ஊர்ல நெல்லும் சோறும் போட்டே கிளி வளத்தோம். ராயப்பேட்டைல ஒருத்தர் மொட்டை மாடில ஆயிரக்கணக்குல கிளிக்கு அரிசி வெச்சாரே, அதெல்லாம் செத்தா போச்சு?" என்று அவள் இன்னமும் கேட்பதுண்டு. கேமரா பழுதுபார்க்கும் சேகரைச் சொல்கிறாள். அவர் மாடிக்கு வந்தவை காட்டுக் கிளிகள். அரிசி ஒரு வேளைச் சிற்றுண்டி. மீதி நேரம் ஊரெல்லாம் பறந்து மொட்டு, காய், பழம் என்று மேய்ந்துவிட்டு வரும். கேசரி பறப்பது ஹாலுக்கும் பால்கனி வலைக்கும் நடுவே பதினைந்து அடி.

அந்தக் குறையைக் கொஞ்சமாவது ஈடுகட்டத்தான் தீனியைத் தேடித் தின்ன வைக்கிறோம். இதற்கு விலை கூடிய பொம்மை எதுவும் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் போன மனைவியின் தம்பி சாயம் போடாத பனை ஓலைக் கொட்டான் ஒரு டஜன் கொண்டு வந்தான், கருப்பட்டி போட்டுக் கொடுக்கும் சின்ன ரகம். அதற்குள் நான்கு பெல்லட், ஒரு துண்டு குடைமிளகாய், ஒரு விதை போட்டு, வாயைக் காய்ந்த சோளத் தோகையால் அடைத்துத் தொங்கவிட்டால், ஓலை ஓலையாகக் கிழித்து உள்ளே போவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். என் காலை அலுவலக அழைப்பு நாற்பது நிமிடம். கணக்கு சரியாக இருக்கிறது.

சமையலறை விஷயத்தில் ஒரு வரி. அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், உப்புப் போட்ட எதுவும் கிளிக்கு ஆகாது. அதை விட ஆபத்து நான்ஸ்டிக் தவா. அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை மணமே தெரியாமல் பறவையைக் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் இரும்புத் தோசைக்கல் திரும்பி வந்துவிட்டது. கொசுவர்த்திச் சுருளும் போயாயிற்று, வலை அடித்தோம்.

போன வாரம் கீழ் வீட்டு சாரை மாடிப்படியில் பார்த்தேன். "இப்ப பரவால்ல தம்பி. காலைல மட்டும் ஆறு மணிக்கு எழுப்பி விட்டுடுது" என்றார். அதைக் குறைக்க முடியாது சார் என்றேன். "குறைக்க வேணாம், வாக்கிங் போக வசதியா இருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, கேசரி நன்றாக இருந்தது என்றார். எந்தக் கேசரி என்று நான் கேட்கவில்லை.

இன்று காலை நோட்டில்: எடை 113. கத்தல் 5.52 முதல் 6.04 வரை. பெல்லட் பாதி தின்றிருக்கிறது. முருங்கை முழுவதும் காலி. குடைமிளகாய் சுவரில்.